சல்லகா உண்டு

அத்தை இப்போது இல்லை. இப்படி எழுதியிருப்பதைப் பார்த்தால் அத்தையே ஒத்துக்கொள்ள மாட்டாள். 'இல்லை' என்ற சொல்லை வீட்டுக்குள் விடக் கூடாது என்பது அவள் கட்சி. யாராவது வாசலில் நின்று கறிவேப்பிலை கேட்பார்கள். கொல்லையில் மரம் மொட்டையாக நிற்கும். "நாளைக்கு வா தாயே, நெறையத் தரேன்" என்பாள். கேட்டவள் ஏதோ வாங்கிக்கொண்ட மாதிரியே திரும்பிப் போவாள். நல்ல நாள், கெட்ட நாள் பார்க்கிற எந்த வீட்டிலும் இந்தப் பழக்கம் கொஞ்சம் இருக்கும். அத்தையிடம் அது முற்றிப்போயிருந்தது.

என் அப்பாவுக்கு அவள் அக்கா. சித்தூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் சொந்த வீடு. நானோ மாம்பழக்கூழ் ஆலையில் தரம் பார்க்கிறவன். இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று எண்ணில் சொல்லாவிட்டால் எங்கள் ஆலையில் சரக்கு நகராது. 'நல்லா இருக்கு' என்று எழுதிக் கொடுத்தால் மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். இந்தப் புத்தியோடு அத்தையிடம் ஒரு தகவலைக் கறப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிடும்.

எனக்குக் கல்யாணமான புதிதில் வீட்டில் ஒரு விசேஷம். சமையலை அத்தை பார்த்துக்கொண்டாள். என் மனைவி திருச்சிப் பக்கத்துக்காரி. கடைக்குக் கிளம்பினவள் அத்தையிடம் என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டிருக்கிறாள். அத்தை டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "பருப்பு நெறஞ்சுபோச்சும்மா" என்றாள். இவளும் சந்தோஷமாகப் பருப்பைத் தவிர மற்றதெல்லாம் வாங்கி வந்தாள். பந்தியில் சாம்பார் இல்லாமல் ரசத்தில் தொடங்கிய விசேஷம் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான். அரிசி, பருப்பு, உப்பு இவை தீர்ந்துபோயின என்று வாயால் சொல்லக் கூடாது, நிறைந்துபோயின என்றுதான் சொல்ல வேண்டும். தெலுங்குக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் வயதான பெண்களுக்கெல்லாம் தெரிந்த வழக்கு இது. திருச்சிக்காரிக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

விளக்கை அணைக்கவும் மாட்டாள், குளிர வைப்பாள். அடுப்பையும் குளிர வைப்பாள். டியூப்லைட்டையும் அப்படித்தான். ஒரு சமயம் குடும்பமாகத் திருமலைக்குப் போனோம். அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கிய எட்டுப் பேர் வண்டி. ஓட்டியது நான். அலிபிரி தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் நடு சீட்டிலிருந்து அத்தை, "நைனா, ஏசியக் குளிர வை" என்றாள். எங்கள் பக்கத்தில் அப்பாவுக்கும் நைனாதான், பிள்ளைக்கும் நைனாதான். என்னைத்தான் சொல்கிறாள் என்று புரிந்தது, ஆனால் சொன்னது வேறு மாதிரி புரிந்தது. பாவம், புழுங்குகிறது போல என்று ஏசியை முழுசாக வைத்தேன். ஏழெட்டு வளைவு ஏறுவதற்குள் எஞ்சின் சூட்டு முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஓரங்கட்டி நிறுத்தினால் பானெட்டிலிருந்து ஆவி வருகிறது, காவலர் விசில் அடிக்கிறார், பின்னால் பஸ்கள் ஹாரன் அடிக்கின்றன. மலை ஏறும்போது பழைய வண்டியில் ஏசி போடக் கூடாது என்று அத்தைக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் சொல்லியிருக்கிறாள். "குளிர வைன்னு சொன்னேனே நைனா" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, முந்தானையால் என் அப்பாவுக்கு விசிறிக்கொண்டு நின்றாள். 'நிறுத்து' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று எனக்கு அன்று கோபம் வந்தது.

மாமா இறந்த அன்று காலையிலும் அப்படித்தான். அப்பாவுக்குப் போன் வந்தது. "தம்பி, ஒருவாட்டி வந்துட்டுப் போ. உங்க மாமா எழுப்பினா எழுந்துக்க மாட்டேன்றாரு." மாமாவுக்குக் கோபம் வந்தால் பேசாமல் படுத்துக்கொள்வது வழக்கம். ஏதோ சண்டை என்று நினைத்து, காபி குடித்துவிட்டு நிதானமாகப் போனோம். வாசலில் கோலம் போட்டிருந்தது. அத்தை அவர் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் பாய் எடுத்துப் போடச் சொன்னாள். அன்றைக்கும் அதற்குப் பிறகும் அவர் செத்துப்போனார் என்று அவள் சொல்லிக் கேட்டதில்லை. "அவுரு இருந்தப்போ" என்றுகூடச் சொல்ல மாட்டாள். "அவுரு சொல்லுவாரு" என்பாள்.

அப்பாவும் போன பிறகு வண்டி என்னிடம் வந்தது. முன்னால் ஒரு ஏசி, நடு சீட்டுக்காரர்களுக்குக் கூரையில் இன்னொன்று என்று அந்த வண்டிக்கு இரண்டு. ஒரு வெயில் காலத்தில் முன்பக்கம் குளிர்ச்சி மெதுவாக வந்தது. பெங்களூர் ரோட்டில் ஷெட் வைத்திருந்த தெலுங்கு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, கேஸ் குறைந்திருக்கிறது என்று நிரப்பினார். முன்னால் ஜில்லென்று வந்தது. அப்படியே திருப்பதிக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் அத்தையும் வண்டியில் இருந்தாள். மெக்கானிக் நடு ஜன்னலில் தலையை நீட்டி, "வெனகால சல்லகா உந்தா அம்மா?" என்று கேட்டார். பின்னால் குளிர்ச்சியாக வருகிறதா என்று கேள்வி.

"சல்லகா உண்டு நாயனா" என்றாள் அத்தை.

உண்டு என்றால் உண்டு. நான் வண்டியை எடுத்துவிட்டேன்.

சில வாரத்தில் கேஸ் மறுபடி போய்விட்டது. மறுபடி நிரப்பினோம், மறுபடி போனது. மெக்கானிக் முன்பக்கத்து இணைப்புகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குழாயை மாற்றினார். கம்ப்ரஸரின் மேல் சந்தேகப்பட்டார். பின்பக்கத்தைப் பிரித்துப் பார்க்கலாமா என்று ஒரு தடவை கேட்டார். பக்கவாட்டுப் பலகையைக் கழற்றினால் அன்றைய பொழுது முழுக்க அதற்கே போய்விடும். பின்னால் நன்றாகத்தான் வருகிறது, உட்கார்ந்துகொண்டு போகிறவர்களே சொல்கிறார்கள் என்று நான்தான் தடுத்தேன். ஒவ்வொரு பயணத்திலும் கேட்டுக்கொண்டுதானே வந்தேன். "நல்லாகீது நைனா." "சல்லகா கீது நைனா." பதிலில் ஒரு தடவையும் மாற்றமில்லை.

அந்தப் பயணங்கள் எதற்கென்றால், அத்தை மகன் திருப்பதியில் இருந்தான். அலிபிரிக்குப் போகிற வழியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாலாவது மாடி. எனக்கு மச்சான் முறை. சின்ன வயதிலேயே ஹாஸ்டலுக்குப் போய், படிப்பு, வேலை எல்லாம் வெளியூரில் என்று ஆகிவிட்டது. நல்ல பையன். அம்மாவைத் தனியாக விட மனசு கேட்காமல், வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வரச் சொன்னான். பழகட்டும் என்று முதலில் பத்துப் பத்து நாளாகக் கூட்டிப் போனான். சீசன் இல்லாத மாதங்களில் எனக்கு வேலை குறைவு என்பதால் கொண்டுவிடுவதும் கூட்டி வருவதும் என் வேலையாகிவிட்டது. அங்கே பிடித்திருக்கிறதா என்று மகனும் கேட்டான், மருமகளும் கேட்டாள், நானும் கேட்டேன். "நல்லாகீது. ஜன்னல்ல நின்னா மலை தெரியுது" என்றாள். விற்பதற்கு ஆள் பார்க்க ஆரம்பித்தான்.

ஏசி விஷயம் வெளிவந்தது என் மனைவியால். அவள் எப்போதும் என் பக்கத்தில்தான் உட்காருவாள். ஒரு தடவை திருப்பதியிலிருந்து வரும்போது முன் சீட்டில் மச்சான் கொடுத்தனுப்பிய மிக்ஸி இருந்ததால் நடுவில் அத்தையோடு உட்கார்ந்தாள். சித்திரை வெயில். சந்திரகிரி வருவதற்குள் கண்ணாடியை இறக்கிவிட்டாள். ஏசி போட்டிருக்கும்போது ஏன் இறக்குகிறாய் என்று நான் சத்தம் போட்டேன். வண்டியை நிறுத்தச் சொல்லி, என்னை இறங்கிப் பின்னால் வந்து உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். கூரையிலிருந்து காற்று வந்தது, இட்லிப் பானை மூடியைத் திறந்தால் வருமே, அந்தக் காற்று.

"இத்தன நாளா இதுலயா அத்தே வந்துகினு இருந்தீங்க?" என்றேன்.

"காத்து வருதே நைனா" என்றாள்.

மறுநாள் மெக்கானிக் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றினார். பின்னால் போகும் குழாயின் இணைப்பில் எண்ணெயும் தூசியும் அப்பிக் கிடந்தது. கேஸ் அங்கேதான் கசிந்துகொண்டிருந்தது. கூரை ஏசிக்குப் போகும் வால்வும் அடைத்துப் போயிருந்தது. முன்னால் மாற்றியதெல்லாம் வீண். எனக்கு எரிச்சல். அன்றைக்கே அந்த அம்மா 'உண்டு' என்று சொன்னார்களே என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். அந்த அம்மா எங்கே பதில் சொன்னார்கள், எனக்கு ஆசீர்வாதம்தானே பண்ணினார்கள் என்றார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. தெலுங்கில் 'உண்டு' என்றால் 'இரு'. 'சல்லகா உண்டு நாயனா' என்றால் 'குளிர்ச்சியா இருப்பா', அதாவது நீ நல்லா இரு. மெக்கானிக்கின் காதில் தெலுங்கு விழுந்தது, அவர் ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டார். என் காதில் தமிழ் விழுந்தது, நான் பதிலை வாங்கிக்கொண்டேன். அத்தை இரண்டு மொழிக்கும் நடுவில் புகுந்து, 'இல்லை' என்றும் சொல்லாமல் பொய்யும் சொல்லாமல் தப்பித்துவிட்டாள். வேண்டுமென்றே செய்தாளா என்று என்னால் சொல்ல முடியாது. மற்ற நேரங்களில் என்னிடம் சொன்னதெல்லாம் சுத்தப் பொய்தான். ஆனால் ஒருவனுடைய வண்டியில் ஏறிக்கொண்டு 'சல்லகா இல்லை' என்று எப்படிச் சொல்வது? வண்டிக்கு ஆகாது, வண்டிக்காரன் வீட்டுக்கும் ஆகாது. அத்தையின் கணக்கு அது.

இணைப்பை மாற்றி, வால்வை மாற்றி, கேஸ் நிரப்பினோம். இந்தத் தடவை மெக்கானிக் யாரையும் கேட்கவில்லை. நடு சீட்டில் தானே உட்கார்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். கை விறைக்கும் அளவுக்கு வந்தது. சாயங்காலம் அத்தையை ஏற்றிக்கொண்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றினேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சல்லகா கீது நைனா" என்றாள். அதே குரல். பழுதாக இருந்தபோது சொன்னதற்கும் இதற்கும் துளி வித்தியாசம் இல்லை.

அந்தக் குரல் என்னைக் கொஞ்சம் தொந்தரவு செய்தது. ஏசியைப் பற்றிச் சொன்னது ஒன்றும் நம்பத் தகுந்ததில்லை என்றால், திருப்பதி வீட்டைப் பற்றிச் சொன்னதை மட்டும் எப்படி எடுத்துக்கொள்வது? அதற்கப்புறம் அத்தையைக் கேட்பதை விட்டுவிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். திருப்பதிக்குப் போகும்போது வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு வருவாள். திரும்பி வரும்போது சித்தூரை நெருங்கும் காணிப்பாக்கம் திருப்பத்திலிருந்தே பேச்சு ஆரம்பித்துவிடும். மச்சான் வீட்டில் அவளுக்கென்று அலமாரி கொடுத்திருந்தார்கள். அது காலி. துணிப்பை கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. லிஃப்ட் வந்து நிற்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்ப்பாள். யாரும் கறிவேப்பிலை கேட்டு வரவில்லை. அங்கே யாருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. வாழ்நாள் முழுக்க 'இல்லை' என்று சொல்லாமல் இருந்தவளிடம் கேட்பதற்கு ஒரு ஆள் இல்லாமல் போனது எனக்குப் பாவமாக இருந்தது.

மச்சானிடம் சொல்லிப் பார்த்தேன். நீயே கேள், அம்மாவே சொல்கிறாள், பிடித்திருக்கிறது என்று சொல்கிறவளை நான் என்ன செய்யட்டும் என்றான். அவன் பக்கம் நியாயம் இருந்தது. வீட்டை வாங்குவதற்குத் திருப்பதியில் ஒருவர் அமைந்துவிட்டார். அவர் வீட்டில் வைத்து அக்ரிமெண்ட் எழுதிச் சாவியைக் கொடுப்பது என்று நாள் குறித்தார்கள்.

அன்று மச்சான் முந்தின நாளே வந்து அம்மாவோடு தங்கிவிட்டுக் காலையில் கிளம்பினான். நான் ஓட்டினேன். நடு சீட்டில் அத்தையும் அவனும். வீட்டைப் பூட்டியது அத்தைதான். தெருவில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். அவர்களிடம் "வரேன்" என்றாள். சாவியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு வண்டியில் ஏறினாள். சாவியைப் பைக்குள் போட்டுக்கொள்ளச் சொன்னான் மகன். "இருக்கட்டும் நைனா" என்றாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஏசி மிக நன்றாக வேலை செய்தது. காணிப்பாக்கம் திருப்பம் தாண்டியதும் அவனுக்குள்ளேயே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். அம்மாவின் தோளைத் தொட்டுக் கேட்டான்.

"அம்மா, உனக்கு மனசு நிறைவுதானே?"

அத்தை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெறஞ்சுபோச்சு நைனா" என்றாள்.

அவன் முகம் தெளிந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். "கேட்டியா மச்சான்" என்றான். ஹாஸ்டல் சாப்பாட்டில் வளர்ந்தவன். காலியான அரிசி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அவன் அம்மா என்ன சொல்வாள் என்று அவனுக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும். என் மனைவிக்கும் இப்போது தெரியும்.

வண்டியைப் புளியமரத்து நிழலில் ஓரங்கட்டினேன். என்ன சொல்லப் போகிறேன் என்று யோசித்து நிறுத்தவில்லை. அத்தையின் வாயிலிருந்து வராததை நான் சொன்னால் அவளே மறுத்துவிடுவாள், அது நிச்சயம். என்ன ஆச்சு என்றான் மச்சான்.

"ஏசி சரியில்லாத மாதிரி கீது. இதை வெச்சிக்கினு திருப்பதி வரைக்கும் போவ முடியாது, திரும்பிடலாமான்னு பார்க்கறேன்" என்றேன்.

அவன் தலைக்கு மேலே காற்று சொய்யென்று வந்துகொண்டிருந்தது. என்னை விநோதமாகப் பார்த்தான். நான் திரும்பி உட்கார்ந்து அத்தையைப் பார்த்தேன்.

"அத்தே, பின்னாடி சல்லகா கீதா?"

வழக்கமாகக் கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். அன்று அத்தை கூரையை அண்ணாந்து பார்த்தாள். சாவி இல்லாத கையை உயர்த்தி, காற்று வருகிற இடத்துக்குக் கீழே பிடித்தாள். அவள் முந்தானை அந்தக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இல்ல நைனா" என்றாள். "சல்லகா இல்ல."

மச்சான் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவன் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முழங்கையில் ரோமம் சிலிர்த்து நின்றது. அம்மாவின் முகத்தைப் பார்த்தான், மூடியிருந்த அவள் கையைப் பார்த்தான். லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

"ஆமா மச்சான்" என்றான். "எனக்கும் இல்ல. வண்டியைத் திருப்பு."

திருப்பினேன். சித்தூர் போய்ச் சேரும் வரைக்கும் ஏசியை யாரும் குளிர வைக்கவில்லை.